துடைப்பக் கம்பில் சுற்றிய கையெழுத்துகள்



துடைப்பக்கட்டை என்றால் நம் ஊரில் வசவு. காலையில் எழுந்ததும் அதன் முகத்தில் விழிக்கக்கூடாது என்பார்கள். விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைப்போம். அப்பேர்ப்பட்ட துடைப்பத்தின் கம்பு ஒன்று, ஒரு நாட்டின் பார்லிமெண்டுக்குள்ளே ராஜமரியாதையோடு போயிருக்கிறது. எங்கே, எதற்கு என்று கேட்கிறீர்களா? அதைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

வருஷம் 1893. இடம் நியூஸிலாந்து. ஆஸ்திரேலியாவுக்கும் அந்தப் பக்கம் சமுத்திரத்தில் கிடக்கிற சின்ன தேசம். அப்போது பிரிட்டிஷ் காலனி. ஆனாலும் தனக்கென்று பார்லிமெண்ட் வைத்துக்கொண்டு தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது. உலகத்திலேயே முதன்முதலாக, ஒரு தேசம் முழுவதிலும் பெண்களுக்கு பார்லிமெண்ட் ஓட்டு கிடைத்தது அங்கேதான். இங்கிலாந்துப் பெண்களுக்கு அது கிடைக்க 1918 வரை ஆயிற்று. அதுவும் முப்பது வயது தாண்டியவர்களுக்கு மட்டும்! அமெரிக்கா முழுவதற்குமாக வந்தது 1920-இல். கடிகாரத்துக்கும் பாங்கிக்கும் பேர்போன ஸ்விட்சர்லாந்தில் 1971 வரை காத்திருக்க வேண்டி இருந்தது. பெரிய பெரிய தேசங்களெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது இந்தச் சின்ன தேசத்துப் பெண்கள் எப்படி முந்திக்கொண்டார்கள்?

முன்னால் நின்றவர் கேட் ஷெப்பர்ட் என்ற அம்மாள். பிறந்தது இங்கிலாந்தில் லிவர்பூல். இருபது வயதை ஒட்டி, விதவைத் தாயாரோடும் கூடப் பிறந்தவர்களோடும் கப்பலேறி நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்கு வந்து சேர்ந்தார். 1871-இல் கல்யாணம். கணவர் மளிகை வியாபாரி. ஒரே பிள்ளை. அந்தக் காலத்து வழக்கப்படி இடுப்பை இறுக்கி மூச்சு முட்ட வைக்கும் உள்கச்சு உடம்புக்குக் கெடுதல் என்று சொன்னவர். பெண்கள் சைக்கிள் விடுவதை ஊரே வாயைப் பிளந்து பார்த்த நாளில் தாமும் சைக்கிள் விட்டவர். மற்றபடி நம்மைப்போல் சமையல், பிள்ளை, விருந்தாளி என்று இருந்தவர்தான்.

மளிகைக்காரர் மனைவிக்கு ஓட்டு எதற்கு?

காரணம் குடி. ஆமாம், அங்கேயும் அதே கதைதான்! சம்பளக் கவர் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் சாராயக் கடைக்குப் போய்விடும். மிச்சம் வீட்டுக்கு வருவது அடியும் உதையும். போதாக்குறைக்கு, கல்யாணமான பெண்ணின் சம்பாத்தியமும் சொத்தும் புருஷனுக்கே என்ற சட்டம் அங்கே 1884 வரைக்கும் இருந்தது. அவள் தையல் தைத்துச் சம்பாதித்த காசை அவன் எடுத்துக்கொண்டு போய்க் குடித்தால் கேட்பதற்கு நாதியில்லை.

1885-இல் மேரி லெவிட் என்ற அமெரிக்க அம்மாள் ஊர் ஊராகப் போய் மதுவிலக்குப் பிரசாரம் செய்தார். அதைக் கேட்ட பெண்கள் கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். கேட் ஷெப்பர்டும் சேர்ந்தார். முதல் காரியமாக பார்லிமெண்டுக்கு மனு எழுதினார்கள். பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. ‘குழந்தைகளுக்கு மது விற்காதீர்கள்’ என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. மனு தள்ளுபடி!

பெற்றவளின் வயிற்றெரிச்சல் பார்லிமெண்டுக்கு ஏன் கேட்கவில்லை? மனுப் போட்டவர்களுக்கு ஓட்டு இல்லை. சாராயக் கடைக்காரருக்கு ஓட்டு இருந்தது. எந்த மெம்பர் யார் பேச்சைக் கேட்பார் என்று சொல்லவா வேண்டும்? அந்தப் பெண்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இனி மனு எழுதினால் ஓட்டுரிமைக்காகத்தான் எழுத வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 1887-இல் சங்கத்தின் ஓட்டுரிமைப் பிரிவு கேட் ஷெப்பர்டின் பொறுப்பில் வந்தது.

பேர் சொல்லாத பெண்மணி

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். ஓட்டுக் கேட்ட முதல் குரல் கேட் ஷெப்பர்டுடையது இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்பே, 1869-இல், நியூஸிலாந்தின் ஆண்களைப் பார்த்துப் பெண்ணுக்கு ஓட்டுரிமை கேட்டு ஒரு சிறு பிரசுரம் வெளியாகியிருந்தது. எழுதியவர் பெயர் ‘ஃபெமினா’ என்று போட்டிருந்தது. இங்கிலாந்தின் பெரிய அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லே அதைப் பாராட்டினார். எழுதியது யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

அவர் பெயர் மேரி முல்லர். கணவர் மாஜிஸ்திரேட். பெண்ணுக்கு உரிமை, ஓட்டு என்ற பேச்செல்லாம் அவருக்குப் பிடிக்காது. வீட்டில் வேளைக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, மனைவி வேறொரு பெயரில் எழுதிக்கொண்டிருந்தார். பழக்கமான பத்திரிகை ஆசிரியர் ஒருவர் ரகசியம் காத்து உதவினார். கணவர் 1891-இல் காலமானார். அதற்கும் சில வருஷம் கழித்துத்தான், ‘அந்த ஃபெமினா நான்தான்’ என்று அந்த அம்மாள் வெளியே சொன்னார். கிட்டத்தட்ட முப்பது வருஷம், தாம் எழுதியதைத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள முடியாமல் இருந்திருக்கிறார். எவ்வளவு பெரிய பாரம் அது! நம் குடும்பங்களிலும் கதை எழுதிப் பெட்டிக்குள் பூட்டி வைத்த அத்தைமார்கள், சித்திமார்கள் இருந்திருக்கிறார்களே, அவர்களுக்கு இந்தப் பாரம் தெரிந்திருக்கும்.

மேரி முல்லர் தனியாளாகப் பேனா பிடித்தவர். கேட் ஷெப்பர்ட் ஊரையே பேனா பிடிக்க வைத்தார். வித்தியாசம் அதுதான்.

வாசற்படி ஏறிய காகிதங்கள்

1888-இல் அவர் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். பெண்களுக்கு ஏன் ஓட்டு வேண்டும் என்று பத்துக் காரணங்கள். ஓட்டு இல்லாதவர்கள் யார் யார் என்று பார்த்தால் குழந்தைகள், சித்தப்பிரமை பிடித்தவர்கள், சிறைக்கைதிகள், அப்புறம் பெண்கள்! இந்தக் கூட்டத்தில் நம்மை எதற்குச் சேர்த்தார்கள் என்று நறுக்கென்று கேட்டிருந்தார். கோபமாகக் கத்தாமல் சிரித்த முகத்தோடு கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம் அல்லவா?

பிறகு கையெழுத்து வேட்டை. சங்கத்துப் பெண்கள் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். டுனெடின் என்ற ஊரில் தையல் தொழிலாளிப் பெண்கள் 1889-இல் தங்களுக்கென்று ஒரு யூனியன் வைத்திருந்தார்கள். குறைந்த கூலிக்கு இரவு பகலாகத் தைத்துக் கண் பூத்துப் போனவர்கள். அந்த யூனியனின் ஹாரியட் மோரிஸன், தொழிலாளிப் பெண்களிடம் கையெழுத்து வாங்கினார். மதுவிலக்கு நமக்கு வேண்டாம், ஓட்டு மட்டும் வேண்டும் என்ற பெண்களுக்காக 1892-இல் தனிச் சங்கம் ஏற்பட்டது. அந்த மண்ணின் பூர்வகுடியினரான மாவோரிகளில் மேரி மங்ககாஹியா என்ற இளம்பெண், 1893-இல் மாவோரிகளின் சொந்தச் சபையில் போய் நின்று, ‘எங்களுக்கும் நிலம் இருக்கிறது, எங்களுக்கு ஓட்டும் வேண்டும், சபையில் இடமும் வேண்டும்’ என்று கேட்டார். பார்லிமெண்ட் பெண்கள் ஓட்டு மட்டும் கேட்டபோது இவர் ஒரு படி மேலே போய்விட்டார்!

1891-இல் சேர்ந்த கையெழுத்துகள் 9,000-க்கு மேல். கீழ்ச்சபையில் மசோதா ஜெயித்தது. மேல்சபையில் நூலிழையில் தோற்றது. மறு வருஷம் கையெழுத்துகள் ஏறக்குறைய 20,000. அந்த மசோதாவும் கரையேறவில்லை. மூன்றாம் தடவையாக 1893-இல் மறுபடியும் முதலிலிருந்து. தோற்ற பழைய கணக்கைக் காட்ட முடியாது பாருங்கள், ஒவ்வொரு தடவையும் அதே வாசற்படிகளை மறுபடி ஏற வேண்டும்! கதவைத் திறந்தவர்களில், ‘உங்களுக்கு வேறு வேலையில்லையா?’ என்று கேட்டவர்கள் எத்தனை பேரோ!

எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ‘பெண்ணுக்கு ஓட்டுக் கொடுத்தால் புருஷன் சொன்னபடிதான் போடுவாள், கொடுத்து என்ன பிரயோஜனம்?’ என்றது ஒரு கட்சி. ‘புருஷனுக்கு எதிராகப் போடுவாள், குடும்பம் இரண்டுபடும்’ என்றது இன்னொரு கட்சி. இரண்டும் எப்படி நிஜமாக இருக்க முடியும் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை! மது வியாபாரிகளின் பக்கம் நின்ற ஹென்றி ஃபிஷ் என்ற மெம்பர், ‘பெண்களுக்கு ஓட்டு வேண்டாம்’ என்று ஓர் எதிர்மனுத் தயார் செய்தார். கூலிக்கு ஆள் வைத்துச் சாராயக் கடைகளில் கையெழுத்து வாங்கினார். பிற்பாடு பார்த்தால் அதில் பொய்ப் பெயர்கள். விஷயத்தை மாற்றிச் சொல்லி வாங்கிய கையெழுத்துகள். குட்டு வெளிப்பட்டு, காரியம் அவர்கள் தலையிலேயே விடிந்தது.

‘தொப்’பென்று ஒரு சத்தம்

இப்போது துடைப்பத்துக்கு வருவோம்.

நாடு முழுவதிலிருந்தும் கையெழுத்துத் தாள்கள் கிறைஸ்ட்சர்ச்சில் கேட் ஷெப்பர்டின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. 500-க்கு மேற்பட்ட தாள்கள். அவற்றை ஒன்றன் கீழ் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டினார். ஒட்ட ஒட்ட நீண்டுகொண்டே போயிற்று. சுற்றி வைக்க வேண்டுமே? வீட்டில் துடைப்பக் கம்பு இருந்தது. அதில் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் சுற்றினார். முழு நீளம் 270 மீட்டர். ஆறு கஜப் புடவை ஏறக்குறைய ஐம்பதை முனைக்கு முனை முடிந்து விரித்தால் எவ்வளவு நீளம் வருமோ, அவ்வளவு. அதில் 25,000-க்கு மேற்பட்ட கையெழுத்துகள். மற்ற ஊர்களிலிருந்து வந்த சிறு மனுக்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 32,000. ஐரோப்பிய வம்சத்துப் பெண்களில், வயது வந்த நாலு பேருக்கு ஒருத்தி கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று கணக்கு.

இந்த உருளையை பார்லிமெண்டுக்குக் கொண்டுபோனவர் பெண்களின் கட்சியில் நின்ற சர் ஜான் ஹால் என்ற மெம்பர். நடுவிலிருந்த நடைபாதையில் உருட்டி விட்டார். காகிதம் விரிந்துகொண்டே போக, கடைசியில் உள்ளேயிருந்த துடைப்பக் கம்பு எதிர்ச்சுவரில் ‘தொப்’பென்று மோதி நின்றது. அத்தனை பெரியவர்கள் மத்தியில் பெண்களின் சார்பில் முதலில் சத்தம் போட்டது அந்தக் கம்புதான்.

கீழ்ச்சபை ஒப்புக்கொண்டது. மேல்சபையில்தான் மறுபடியும் இழுபறி. பிரதம மந்திரி ரிச்சர்ட் செடன் முன்னாளில் தாமே சாராயக் கடை நடத்தியவர். மது வியாபாரிகளுக்கு வேண்டியவர். மசோதா ஜெயித்துவிடும்போல இருக்கிறதே என்று, தம் கட்சி மெம்பர் ஒருவருக்குத் தந்தியடித்து ஓட்டை மாற்றிப் போடச் சொன்னார். இந்தத் தில்லுமுல்லு வெளியே தெரிந்தது. அதுவரை பெண்களுக்கு எதிராக இருந்த இரண்டு மெம்பர்களுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ‘இப்படியா செய்வது!’ என்று இரண்டு பேரும் இந்தப் பக்கம் மாறிப் போட்டார்கள். 1893 செப்டம்பர் 8-ஆம் தேதி, 20-க்கு 18 என்று மசோதா நிறைவேறியது. செப்டம்பர் 19-ஆம் தேதி கவர்னர் கையெழுத்துப் போட்டார். சட்டமாயிற்று.

‘அப்படியானால் அதிர்ஷ்டத்தால் கிடைத்ததுதானே?’ என்று கேட்கலாம். கடைசி இரண்டு ஓட்டு அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். மேல்சபையை இரண்டு ஓட்டில் ஜெயிக்கிற நிலைமைக்குக் கொண்டு வந்தது யார்? மூன்று வருஷமாக வாசற்படி ஏறி இறங்கிய கால்கள்தானே?

முதல் தேர்தல்

தேர்தல் நவம்பர் 28. பட்டியலில் பெயர் சேர்க்க சில வாரங்களே இருந்தன. ‘ஓட்டுக் கொடுத்தாலும் எந்தப் பெண் வந்து போடப் போகிறாள்?’ என்று கேலி பேசியவர்கள் உண்டு. அந்தச் சில வாரங்களுக்குள் 1,09,461 பெண்கள் பெயர் பதிந்துகொண்டார்கள். தேர்தலன்று 90,290 பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். பதிந்தவர்களில் நூற்றுக்கு 82 பேர்! குடிகாரர்களும் முரடர்களும் சாவடி வாசலில் கலாட்டா செய்வார்கள் என்று பயமுறுத்தியிருந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இதற்கு முன்னால் இவ்வளவு ஒழுங்காக ஒரு தேர்தல் நடந்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். மறுநாளே ஒனஹங்கா என்ற ஊரில் எலிசபெத் யேட்ஸ் அம்மாள் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே முதல் பெண் மேயர் அவர்.

ஆனால் எல்லாம் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. ஓட்டுப் போடலாமே தவிர, பார்லிமெண்ட் தேர்தலில் நிற்கக்கூடாது! நிற்கும் உரிமை 1919-இல்தான் வந்தது. முதல் பெண் மெம்பராக எலிசபெத் மெக்கோம்ப்ஸ் உள்ளே போனது 1933-இல். நாற்பது வருஷம்! கேட் ஷெப்பர்ட் அதையும் கண்ணால் பார்த்துவிட்டு, மறு வருஷம் கண்ணை மூடினார். இன்று நியூஸிலாந்தின் பத்து டாலர் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. அந்த மனு வெலிங்டன் நகரில் தேசிய நூலகத்தில் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. கொள்ளுப்பேத்திகள் வந்து, ‘எங்கள் பாட்டி பெயர் இதில் இருக்கிறதா?’ என்று தேடுகிறார்கள்.

நம் பாட்டி பெயர்?

நம் நாட்டுக் கதை வேறு. 1921-இல் மதராஸ் மாகாணத்துச் சட்டசபை, பெண் என்பதற்காக ஓட்டை மறுக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டு மற்ற மாகாணங்களுக்கு வழி காட்டியது. இருந்தாலும் சொத்தும் வரியும் இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. ஏழை, பணக்காரர், படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று ஆனது சுதந்திரத்துக்கு அப்புறம். 1951–52-இல் முதல் பொதுத் தேர்தல்.

அந்தத் தேர்தலுக்குப் பட்டியல் எழுத அதிகாரிகள் வீடு வீடாகப் போனார்கள். நியூஸிலாந்தில் பெண்கள் தம் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து ஓட்டு வாங்கினார்கள் என்றால், இங்கே ஓட்டு வாசலுக்கே வந்து, ‘உங்கள் பெயர் என்னம்மா?’ என்று கேட்டது. பதில் வரவில்லை! ‘இன்னார் மனைவி என்று எழுதிக்கொள்ளுங்கள்’, ‘இன்னார் மகள் என்று போட்டுக்கொள்ளுங்கள்’ என்றார்கள். அன்னிய ஆணிடம் பெயர் சொல்வது மரியாதை இல்லையாம். நம் பாட்டிமார் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். இவர்கள் தங்கள் பெயரையே சொல்லவில்லை. ‘இன்னார் மனைவி’ என்ற பெயரில் ஓட்டுப் போட முடியாது என்று தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் கண்டிப்பாக இருந்துவிட்டார். பெரும்பாலும் வட மாநிலங்களில், சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போனார்கள். கையில் வந்த உரிமை, ஒரு பெயருக்காகக் கைநழுவிப் போயிற்று.

‘அதெல்லாம் அந்தக் காலம், நாங்களெல்லாம் பெயர் சொல்கிறோமே’ என்பீர்கள். சரி, ஒரு கேள்வி கேட்கிறேன். கல்யாணமாகிப் புது ஊருக்கு வந்தீர்களே, உங்கள் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது? ரேஷன் கார்டை மாற்றினீர்கள், காஸ் கனெக்‌ஷனை மாற்றினீர்கள். ஓட்டை மாற்றினீர்களா? தாய் வீட்டுப் பட்டியலிலேயே பெயரை விட்டுவிட்டு, தேர்தலன்று ‘அவ்வளவு தூரம் யார் போவது’ என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இந்தப் பதினைந்து நாளைக்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பகுதி வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா, சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வீடு மாறியிருந்தால் அதற்குப் படிவம் 8. வீட்டில் பதினெட்டு முடிந்த பெண் இருந்தால் படிவம் 6. பூர்த்தி செய்வதை அப்பாவிடமோ அண்ணனிடமோ தள்ளாமல் அவளையே எழுதச் சொல்லுங்கள். தன் பெயரைத் தன் கையால் எழுதட்டும். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடமும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். அடிக்கடி வாடகை வீடு மாறுகிறவர்களின் பெயர்தான் முதலில் விட்டுப்போகும்.

அப்புறம் யாருக்குப் போடுவது? அதை நான் சொல்லப் போவதில்லை. வீட்டுக்காரரோடு பேசுங்கள், பிள்ளைகளோடு பேசுங்கள், பத்திரிகை படியுங்கள். தண்ணீர் வருகிறதா, ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறதா, தெருமுனையில் சாராயக் கடை இருக்கிறதா என்று நீங்களே யோசியுங்கள். சாவடிக்குள் போனதும் உங்களையும் இயந்திரத்தையும் தவிர அங்கே மூன்றாம் மனுஷர் கிடையாது. அங்கே உங்கள் விரல் உங்கள் பேச்சை மட்டும் கேட்டால் போதும்.